ஜோடி இல்லாமல் பெருகும் உயிர்கள்: வாசகர் கேள்விகள்

மழை விட்டதும் குளியலறையில் கறுப்பாக, மண்புழு போல ஒரு பாம்பு நெளிகிறது. இதில் ஆண் பாம்பே கிடையாதாமே?
– வேளச்சேரி வாசகி

உண்மைதான். அது புழுப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், விஷமே இல்லாத பிராணி. எறும்பு, கரையானின் முட்டைகளைத் தின்று பிழைக்கிறது. உற்றுப் பார்த்தால் மண்புழுவின் வளையங்கள் இருக்காது. வழவழவென மின்னும் செதில்கள், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரும்புள்ளிகள், வால் நுனியில் ஒரு குட்டி முள்.

இந்த இனத்தில் எல்லாமே பெண்தான். ஆணின் விந்து சேராமலே முட்டை வளர்ந்து குஞ்சாகும், அதுவும் பெண்ணாகவே இருக்கும். பூந்தொட்டி மண்ணோடு ஒரே ஒரு பாம்பு போனாலும், போன ஊரில் ஒரு கூட்டமே உருவாகிவிடும். உலகம் முழுக்க இது பரவியது அப்படித்தான். என்ன அற்புதமான பிழைப்பு! ஒரு காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய்ச் செடியடியில் விட்டுவிடுங்கள்.

கொல்லையில் ரஸ்தாளி வாழை வாடிவிட்டது. பக்கக் கன்றை எடுத்து நடலாமா?
– பெரம்பூர் வாசகர்

வேண்டாம். அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து மரத்தைச் சுற்றித் தொங்கினால் அது பெரும்பாலும் பனாமா வாடல் நோய். கிழங்கை வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்பழுப்புக் கறை தெரியும். பக்கக் கன்று தாயின் அச்சு அசல். தாய்க்கு இல்லாத எதிர்ப்புச் சக்தி அதற்கும் இருக்காது. போதாததற்கு, கிழங்கோடு இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையும் சேர்ந்து வரும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழை 1960-களுக்குள் ஏற்றுமதியிலிருந்தே மறைந்ததற்கு இதுதான் காரணம். தோட்டம் தோட்டமாக ஒரே செடியின் நகல்கள்! ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும், சரி. ஆனால் அந்த மண்ணில் பூஞ்சை பல வருஷம் கிடக்கும். அதே இடத்தில் திரும்பவும் ரஸ்தாளி வேண்டாம், பூவன் வையுங்கள்.

மண்புழுவை வெட்டினால் இரண்டாகுமா?
– அம்பத்தூர் மாணவி

ஆகாது. தலைப்பக்கம் பிழைத்தால் உண்டு, வால்பக்கம் செத்துவிடும். துண்டிலிருந்து முழு உடலாவது பிளனேரியா என்ற தட்டைப்புழு. மண்புழுவை விட்டுவிடம்மா.

அடையாற்றில் ஆகாயத்தாமரையை எத்தனை முறை வாரினாலும் திரும்ப வருகிறதே?
– சைதாப்பேட்டை வாசகர்

செடியிலிருந்து நீளும் ஓடுதண்டின் நுனியில் புதுச்செடி கிளம்பும். தண்டு ஒடிந்ததும் அது தனியாக மிதக்கும். பொக்லைன் வாரும்போது சிதறும் செடிகள் சிலவே இருந்தாலும் போதும். அப்புறம், சேற்றில் பல ஆண்டு தாங்கும் விதைகள் வேறு. சாக்கடை நீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் இதற்கு உரம். கழிவுநீர் ஆற்றில் கலக்கும்வரை வாரிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.