குஞ்சின் காலைத் திருத்த முதல் மூன்று நாள்

வாசகர் கேள்வி பதில்: நாட்டுக்கோழி வளர்ப்பு

இன்குபேட்டரில் நேற்றுப் பொரிந்த ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்று கிடக்கிறது. எழுந்திருக்க முடியாமல் வயிற்றால் தேய்த்து நகர்கிறது. செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில் விட்டிருக்கிறோம். பிழைக்குமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, இன்றே கட்டுப் போட்டால். முதல் வேலையாக அந்தச் செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். வழுக்கும் தாளில் ஊன்றத் தெரியாத கால் வெளிப்பக்கம் சறுக்கும். இரண்டு நாள் அப்படியே சறுக்கினால் தசைநார் அந்த நிலைக்கே பழகிவிடும். சொரசொரப்பான பழைய பருத்தித் துண்டு அல்லது அலமாரியில் விரிக்கும் வலைபோன்ற ரப்பர் விரிப்பு போதும். சாக்கு வேண்டாம், அதன் நூல் விரலில் சுற்றி இறுகும். தென்னைநார்க் கழிவை நம் ஊரில் பலர் தரையில் போடுகிறார்கள். தீவனம் எது என்று தெரியாத முதல் சில நாள் குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னும், ஆகவே துணியால் மூடி வையுங்கள்.

கட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். விரல் நுனியை மெல்லக் கிள்ளினால் குஞ்சு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். காலின் நடுவில் பின்னோக்கி மடங்கும் மூட்டு வீங்கியிருக்கக் கூடாது. வீக்கம் இருந்தால் அது வேறு கோளாறு, கீழே மூன்றாவது பதிலைப் பாருங்கள்.

சிறு காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை நீளவாக்கில் வெட்டினால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலமுள்ள பட்டை கிடைக்கும். பஞ்சுள்ள பகுதி இரண்டு காலுக்கும் நடுவில் வரட்டும். மூட்டுக்கும் விரலுக்கும் இடைப்பட்ட செதில் காலில் ஒரு முனையைச் சுற்றி அதன் மேலேயே ஒட்டுங்கள், மறு காலுக்கும் அப்படியே. இரண்டு காலுக்கும் நடுவே 2 முதல் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே வருவதுதான் கணக்கு. நெருக்கிக் கட்டினால் குஞ்சு தலைகுப்புற விழும், அகலமாய் விட்டால் கட்டியும் பயனில்லை. ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் கட்டுவது எளிது.

முதல் ஒரு மணி நேரம் கவிழ்ந்தும் மல்லாந்தும் விழும். மல்லாந்தே கிடந்தால் சோர்ந்து போகும், அதனால் பக்கத்தில் இருந்து நிமிர்த்திவிடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அலகு மூழ்கிச் செத்துவிடும். மற்ற குஞ்சுகள் ஏறி மிதிக்கும், கொத்தும். எனவே தனியே வைத்து, சாதுவான ஒரு குஞ்சைத் துணைக்கு விடுங்கள். துணையில்லாமல் ஒற்றையாய்க் கத்திக் கத்தித் தீனியை விட்டுவிடும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. பாதியில் பல்பு, பாதியில் நிழல் என்று இருக்கட்டும்.

தினமும் ஒரு முறை கட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் பசை வலியில்லாமல் விடும். மறுபடி ஒட்டும் முன் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் எண்ணெயைத் துடைத்து உலர்த்தாவிட்டால் பட்டை நிற்காது. விரல் குளிர்ந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். கட்டு இல்லாத வேளையில் உடம்பைத் தாங்கிப் பிடித்து, பாதம் தரையில் படும்படி ஓரிரு நிமிடம் நிற்கவிடுங்கள். நிற்கவே தெம்பில்லாத குஞ்சைத் துணி வைத்த சிறு கோப்பையில், கால் உடம்புக்கு அடியில் வரும்படி அரை மணி நேரம் உட்கார வைக்கலாம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் சரியாகும். ஒரு வாரம் கழித்துத் தொடங்கினால் நம்பிக்கை குறைவு.

குஞ்சின் விரல்கள் உள்பக்கம் சுருண்டு கைமுட்டி மாதிரி இருக்கின்றன. ஒரே கோழியின் முட்டையில் வந்த மூன்றுக்கும் இப்படி. வைட்டமின் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பொரித்த அன்றே ஒரு குஞ்சுக்கு மட்டும் விரல் வளைந்திருந்தால், முட்டைக்குள் கிடந்த நிலையோ அடைச்சூட்டின் ஏற்றத்தாழ்வோ காரணமாக இருக்கலாம். மாத்திரைப் பெட்டி அட்டையில் பாதத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டு வெட்டி, விரல்களை விரித்து வைத்து மேலே பிளாஸ்டர் ஒட்டுங்கள். எலும்பு இளசாக இருப்பதால் ஒன்றிரண்டு நாளிலேயே நேராகும்.

ஒரே கோழியின் குஞ்சுகள் மூன்றுக்கும் என்றால் தாய்க்கோழியின் தீனியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பழைய சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தேங்காய்ப் பிண்ணாக்கு மட்டும் தின்னும் கோழியின் முட்டையில் ரைபோஃப்ளேவின் எனும் பி2 குறைந்துபோகும். அதனால் குஞ்சின் கால் நரம்பு வீங்கி, விரல் மடங்கி, மூட்டாலேயே நடக்கும். பொரியாத முட்டையை உடைத்துப் பார்த்தால் செத்த குஞ்சின் மயிர் கட்டையாய்ச் சுருண்டிருப்பதும் இதன் அடையாளம்.

குஞ்சுக்கு நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் வீதம் இரண்டு நாள் கொடுத்தால் போதும். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை அட்டையில் ரைபோஃப்ளேவின் 10 மில்லிகிராம் என்று இருந்தால், அதைப் பொடித்து 100 மில்லி இளஞ்சூட்டு நீரில் கலக்குங்கள். 1 மில்லியில் உங்களுக்கு வேண்டிய அளவு இருக்கும். எளிதில் கரையாது, ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுங்கள். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக, நாளில் ஐந்தாறு தடவையாகப் பிரித்து விடுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வெயில் பட்டால் பி2 அழியும், ஆகவே அன்றன்று கலக்கி நிழலில் வையுங்கள். நாள்பட்டுப் போன சுருட்டலை மருந்து மாற்றாது, நரம்பு அதற்குள் கெட்டிருக்கும்.

தாய்க்கோழிக்கு முருங்கைக்கீரை, மோர் விட்டுப் பிசைந்த தவிடு, உப்பில்லாமல் காய்ந்த நெத்தோலித் தூள் சேருங்கள். உப்புக் கருவாடு கூடாது, அதன் உப்பு கோழிக்கு நஞ்சாகும். அந்தக் கோழியின் முட்டையை ஓரிரு வாரத்துக்கு அடை வைக்காமல் இருப்பது நல்லது.

ஒரு கால் மட்டும் மூட்டில் வீங்கி வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது. இதற்கும் கட்டுதானா?
– ஒரு வாசகர், இராஜாக்கமங்கலம்

இரண்டு காலையும் சேர்த்துக் கட்ட வேண்டாம், இருக்கும் வலி கூடும். மூட்டின் பின்புறப் பள்ளத்தில் ஓட வேண்டிய தசைநார் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. அன்றே கண்டுபிடித்தால், காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டி, நழுவிய நாரைப் பெருவிரலால் பள்ளத்துக்குள் தள்ளி, காலைப் பழையபடி மடக்கினால் சிலவற்றில் நிற்கும். திரும்பத் திரும்ப நழுவினால் அரசுக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். நீங்களே இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது குஞ்சுக்குச் சித்திரவதை.

தீனியில் மாங்கனீசு என்னும் தாதுவும் கோலின் என்னும் சத்தும் குறைவதே இதற்கு முக்கியக் காரணம். கடலோரத்தில் முட்டைக்கோழிக்குச் சிப்பித்தூள் கலப்பது வழக்கம், அதே கலவையைக் குஞ்சுக்கும் போடுகிறார்கள். கால்சியம் மிஞ்சினால் மாங்கனீசு உடம்பில் சேராது. முட்டைத் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதத்தை நெருங்கும், குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். குஞ்சுத் தீவனம் என்று தனியே விற்பதையே வாங்குங்கள்.

அடுத்த ஈட்டில் இப்படி வராமல் இருக்க?
– ஒரு வாசகி, தக்கலை

இன்குபேட்டர் பெட்டியில் வெப்பம் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50–55 சதவீதம், கடைசி 3 நாள் 65–70. முட்டையைத் திருப்புவதை 18-ஆம் நாளோடு நிறுத்துங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது பெட்டியின் தண்ணீர்த் தொட்டியை வழக்கம்போல நிரப்பினால் முட்டை உலராது. குஞ்சு ஊதி, உள்ளே திரும்ப இடமில்லாமல் தவித்து, கால் பலமின்றி வெளிவரும். பத்து முட்டையை முதல் நாளும் 18-ஆம் நாளும் நிறுத்துப் பாருங்கள். 12 சதவீத அளவுக்கு எடை குறைந்திருக்க வேண்டும். 45 கிராம் முட்டை 39, 40 கிராமுக்கு வரும். மின்சாரம் போனால் மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை மட்டும் விட்டுக் கம்பளியால் போர்த்துங்கள். பொரிக்கும் தட்டில் 18-ஆம் நாளே பருத்தித் துணி விரித்துவிடுங்கள்.

ஆறு வாரக் குஞ்சு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடக்கிறது.
– ஒரு வாசகர், அருமனை

மாரெக்ஸ் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். கட்டும் வைட்டமினும் இதற்கு உதவாது. உடனே தனியே பிரித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கான தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளில் போட வேண்டும். குஞ்சு வாங்கும் இடத்தில் அதைப் போட்டார்களா என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.