ஸ்டாண்டு ஆடினால் சனி தெரியாது

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டெலஸ்கோப் வாங்கித் தர ஆசை. ஆன்லைனில் ‘525 மடங்கு’ என்று போட்ட 76 மி.மீ. கருவி மலிவாகக் கிடைக்கிறது. என் கொழுந்தனாரோ, “வாங்கினால் எடைக்கல் தொங்கும் ஈக்குவடோரியல் மவுன்ட்டோடு (ஒருவகை ஸ்டாண்டு) வாங்குங்கள், அதுதான் அசல்” என்கிறார். 25,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். மொட்டை மாடி இருக்கிறது. எதை வாங்க?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த 525-ஐ முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. குழாயின் குவியத் தொலைவு 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸால், வகுத்தால் 175. கூடவே உருவத்தை இன்னும் மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு, மேலே 525 என்று அச்சடித்துவிடுகிறார்கள். கணக்கு சரிதான், வானத்தில்தான் செல்லாது. ஒளி வாங்கும் ஆடி அல்லது லென்ஸின் விட்டம் எத்தனை மி.மீ.யோ அதில் இரண்டு பங்குதான் ஒரு டெலஸ்கோப் தாங்கும் உருப்பெருக்கம். அதுவும் காற்று அடங்கிய ராத்திரியில். 76-க்கு 150, அதற்கு மேல் போனால் கலங்கல். சனியின் வளையத்துக்கு 50 மடங்கே போதும். 2025-ல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி மறைந்தது. இனி 2032 வாக்கில் முழுசாக விரியும். உங்கள் மகள் வாங்க நல்ல சமயம்.

பணத்தை எண்ணும்போது குழாயை மட்டும் பார்க்காதீர்கள், பாதி மதிப்பு ஸ்டாண்டில் இருக்கிறது. 100 மடங்கில் பார்த்தால் ஆட்டமும் 100 மடங்கு. மெலிந்த அலுமினிய முக்காலியில் ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே நிலா துள்ளும். அது அடங்குவதற்குள் பிள்ளை “ஒண்ணும் தெரியலம்மா” என்று கீழே இறங்கிவிடுவாள். பூமி வேறு சுழல்கிறது. சாதாரண ஐபீஸில், 100 மடங்கில், வியாழன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட இரண்டு நிமிடம்தான். அதனால் ஸ்டாண்டு அசையாமலும் இருக்க வேண்டும், தள்ளினால் வழுக்கிக்கொண்டும் போக வேண்டும். கடையில் குழாயின் முனையை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரிரு விநாடியில் அடங்காவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

கொழுந்தனார் சொல்வதில் தப்பில்லை. ஈக்குவடோரியல் மவுன்ட்டில் ஒரே ஒரு குமிழைத் திருகிக்கொண்டே கோளைப் பின்தொடரலாம். ஆனால் அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே சுமார் 10 டிகிரி, அதாவது கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த உயரம்தான். வடக்கே ஒரு மாடி வீடோ தென்னந்தோப்போ இருந்தால் போச்சு. இல்லாவிட்டாலும் அந்தப் பக்கப் புழுதியில் அது கண்ணில் படுவதே அபூர்வம். சரி, திசைகாட்டி வைத்துத் திருப்பிக்கொள்ளலாம் என்றால், அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கப் போட வேண்டும். சின்ன மவுன்ட்டுகள் பல ஐரோப்பா, அமெரிக்காவில் அந்த நட்சத்திரம் நிற்கும் உயரத்தை மனதில் வைத்துச் செய்தவை. இந்த அளவுக்குச் சாய்த்தால் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். படம் எடுக்கிறவர்கள் இதையெல்லாம் சமாளிப்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு?

என் ஓட்டு டாப்சோனியனுக்கு. அடியில் சுழலும் பலகைப் பெட்டி, அதில் பீரங்கி போல ஏறி இறங்கும் குழாய், அவ்வளவுதான். இதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் கலிபோர்னியாவில் ராமகிருஷ்ணர் வழி வந்த மடத்தில் சந்நியாசியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பித்து முற்றி 1967-ல் மடத்தைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று!

உங்கள் தொகைக்கு 130 மி.மீ. டேபிள்-டாப் வகையை, அதாவது மேஜை மேல் வைக்கிற சின்ன டாப்சோனியனைத் தேடுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் 114 போதும். 130, அந்த 76-ஐப் போல மூன்று பங்கு ஒளி வாங்கும். 650 மி.மீ. குவியத் தொலைவுள்ளதில் 25 மி.மீ. ஐபீஸ் 26 மடங்கும், 10 மி.மீ. 65 மடங்கும் தரும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: குழாய் அரை மீட்டர்தான், குவியத் தொலைவு 1000 என்று போட்டிருந்தால் வேண்டாம். உள்ளே ஒரு மட்டமான லென்ஸை ஒளித்து நீளத்தை இழுத்திருப்பார்கள்.

டேபிள்-டாப்பைக் கைப்பிடிச் சுவரில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் ஸ்டூலிலும் வேண்டாம். கனமான மர ஸ்டூல் நல்லது. வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணி வரை அனல் கக்கும், படம் நெளியும். கோள்களைப் பார்ப்பதைப் பின்னிரவுக்குத் தள்ளுங்கள். பார்க்கும்போது மாடியில் யாரும் நடக்கக் கூடாது. நேர் உச்சியில் டாப்சோனியன் முரண்டு பிடிக்கும், கோள் கொஞ்சம் சாய்ந்த பிறகு பிடியுங்கள். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்காவிட்டால் ஆடியில் பூஞ்சை படியும்.

மே மாத முன்னிரவில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைக் காட்டுங்கள். லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. உங்கள் மாடியிலிருந்து 30 டிகிரிக்கு மேலேயே நிற்கும்.

கேள்வி: டெலஸ்கோப்போடு வந்த சின்னக் கறுப்புக் கண்ணாடியை ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்க்கலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடவே கூடாது. குவிந்த வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். அது வெடித்தால் அடுத்த கணம் உங்கள் கண். குப்பையில் போடுங்கள், யாருக்கும் இனாமாகக் கூடக் கொடுக்காதீர்கள். சூரிய ஃபில்டர் குழாயின் முன்வாய் முழுவதையும் மூட வேண்டும், காற்றில் கழன்று விழாதபடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னக் குழாயான ஃபைண்டரையும் மூடி போட்டு வையுங்கள். சின்னப் பிள்ளைகள் முதலில் கண் வைப்பது அதில்தான்.