ஃபெரோசீன் எலெக்ட்ரோடில் வைட்டமின் சி: ஐந்தாவது ஓட்டத்தில் பீக் ஏன் விழுகிறது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம் கலந்த கார்பன் பேஸ்டை சிரிஞ்சில் அடைத்துச் செய்த எலெக்ட்ரோடால் எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி அளக்கிறேன். 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர் (பி.ஹெச். 7) 24 மி.லி., சாறு 1 மி.லி. வோல்ட்டை ஏற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் முதல் ஓட்டத்தில் பீக் (மின்னோட்டத்தின் உச்சம்) 12 மைக்ரோ ஆம்பியர், ஐந்தாவதில் 7. டைட்ரேஷன் (வினைப்பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் முறை) விடையோடும் ஒத்துவரவில்லை. வைட்டமின் அழிந்துவிடுகிறதா?

பதில்: அழிவது வைட்டமினா, எலெக்ட்ரோடா என்று ஐந்தே நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். கரைசலை மாற்றாதீர்கள். சிரிஞ்சின் தண்டை அழுத்தி அரை மில்லிமீட்டர் பேஸ்டை வெளியே தள்ளி, வழித்தெடுத்துவிட்டு, வழவழப்பான வெள்ளைத் தாளில் எட்டு போடுவதுபோலத் தேய்த்து மறுபடி ஓட்டுங்கள். பீக் 12-க்குத் திரும்பினால் சாற்றில் குறையில்லை, கோளாறு மேற்பரப்பில். உங்கள் எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

காரணம் ஃபெரோசீனிலேயே இருக்கிறது. அது தண்ணீரில் கரையாது. ஆனால் எலெக்ட்ரான் இழந்து ஃபெரோசீனியம் அயனி ஆனதும் கரையும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் பஃபருக்குள் போய்விடுகிறது. சாறே இல்லாத பஃபரில் பத்து முறை ஓட்டிப் பாருங்கள், ஃபெரோசீனின் பீக் தானாகவே இறங்குவதைக் காண்பீர்கள். அதனால் ஓட்டத்தை 0.5 வோல்ட்டோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது மேற்பரப்பு வையுங்கள். ரால்ஃப் ஆடம்ஸ் 1958-ல் கொண்டுவந்த கார்பன் பேஸ்டின் பெரிய வசதியே இந்தப் புதுப்பித்தல்தான். கசிவைத் தடுக்க நாஃபியான் என்ற பாலிமரைப் பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எதிர்மின் படலம். ஃபெரோசீனியத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் பி.ஹெச். 7-ல் எதிர்மின் அயனியாக இருக்கும் அஸ்கார்பேட்டையும், அதாவது வைட்டமின் சி-யையும், விரட்டிவிடும்.

பேஸ்ட்டுக்கு கிராஃபைட் தூள் 650 மி.கி., ஃபெரோசீன் 50, பாரஃபின் எண்ணெய் 300. ஃபெரோசீனை டைஎத்தில் ஈத்தரில் கரைத்து கிராஃபைட்டில் ஊற்றி, ஃப்யூம் ஹூடில் ஆறவிட்டு உலர்த்துங்கள். ஓவனில் வைத்தால் ஃபெரோசீன் பதங்கமாகிப் பறந்துவிடும். பிறகு எண்ணெய் விட்டு உரலில் அரை மணி நேரம் அரைக்கவேண்டும்.

தொடர்புக் கம்பியையும் பாருங்கள். ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக் காற்றில் செம்புக் கம்பி சீக்கிரம் பச்சை பிடிக்கும். பேஸ்டில் விரிசல் விட்டு கரைசல் அந்தக் கம்பியைத் தொட்டால், செம்பு அயனிகள் வைட்டமின் சி-யைக் காற்றில் வேகமாக ஆக்ஸிஜனேற்றும், செம்பும் தன் பங்குக்குத் தனியாக ஒரு பீக் காட்டும். எமரி தாளால் பளபளவென்று தேய்த்த பிறகே கம்பியைச் செருகுங்கள். அதன் முன்னால் 4 மி.மீ. பேஸ்டாவது இருக்கட்டும். கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இரண்டும் வேண்டாம். இருமுறை காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

டைட்ரேஷனோடு ஒத்துவராததற்கு எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த 1 மி.லி. மேல்தான். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் சுமார் 5 சதவீதம். 1 மி.லி. விட்டாலே உங்கள் பஃபரின் பி.ஹெச். 7-லிருந்து ஏறக்குறைய 6-க்கு இறங்கிவிடும். அளவீட்டுக்கோடு (செறிவு தெரிந்த கரைசல்களை அளந்து வரையும் கோடு) போட்டது 7-ல், சாறு நிற்பது 6-ல். இரண்டையும் ஒப்பிடவே முடியாது. பி.ஹெச். மீட்டரை ஒரு தடவை உள்ளே விட்டுப் பாருங்கள், புரியும். சாற்றை 200 மைக்ரோ லிட்டராகக் குறைத்து, வோல்ட்டைச் சிறு துடிப்புகளாகக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பல்ஸ் முறைக்கு மாறுங்கள்.

அளவீட்டுக்கோட்டையும் விட்டுவிட்டு, அதே சாற்றிலேயே தரக்கரைசல் (செறிவு தெரிந்த வைட்டமின் சி கரைசல்) சேர்த்து அளப்பது நல்லது. அஸ்கார்பிக் அமிலம் 88.1 மி.கி.யை 50 மி.லி.க்குக் கரைத்தால் 10 மில்லிமோலார். இதை அன்றன்றே தயாரிக்கவேண்டும். கலனில் மொத்தம் 25 மி.லி. இருக்கட்டும். மூன்று தடவை 50 மைக்ரோ லிட்டர் வீதம் சேருங்கள், ஒவ்வொன்றும் 20 மைக்ரோமோலார் கூட்டும். கோட்டைப் பின்னால் நீட்டி, அது எக்ஸ் அச்சை மைனஸ் 18 மைக்ரோமோலாரில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கலனில் 0.45 மைக்ரோமோல். அது 0.2 மி.லி. சாற்றிலிருந்து வந்தது, எனவே 2.25 மில்லிமோலார். அஸ்கார்பிக் அமிலத்தின் மோலார் நிறையான 176.12-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 396 மி.கி., அதாவது 100 மி.லி.க்கு 39.6 மி.கி. எலுமிச்சைக்குப் பொருந்துகிற எண்தான்.

நெல்லிக்காய்க்குப் போகும்போது இந்த முறையை அப்படியே நம்பாதீர்கள். அதிலுள்ள காலிக் அமிலமும் டானின்களும் தாமும் ஆக்ஸிஜனேறி பீக்கை உயர்த்தும், மேற்பரப்பிலும் படியும். அஸ்கார்பேட் ஆக்ஸிடேஸ் நொதி கிடைத்தால் சாற்றில் சேர்த்து, பி.ஹெச். 6 அளவில் வைத்து, வைட்டமின் தீர்ந்த பிறகு அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுகிற மின்னோட்டம் வைட்டமினுடையது அல்ல. அதைக் கழித்தால்தான் நெல்லியின் கணக்கு சரியாகும்.