முனைவர் பட்டமும் ஒரு குடம் நல்ல தண்ணியும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பாம்பன் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு நாட்டுப்படகுத் தொழில். சென்னையில் ஆலோசனை உளவியலில் எம்.எஸ்சி. முடித்து, இரண்டு வருடமாக ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் கவுன்சலராக இருக்கிறேன். முனைவர் பட்டம் செய்ய ஆசை. ஆனால் பி.எச்டி. என்றால் ஆய்வும் கட்டுரையுமாகவே காலம் போய்விடுமோ என்று பயம். எனக்கு ஆள் எதிரே உட்கார்ந்து கேட்கிற வேலைதான் பிடித்திருக்கிறது. வெளிநாட்டில் சை.டி. என்று தொழிற்பயிற்சியை மையமாக வைத்த முனைவர் பட்டம் இருக்கிறது. அதற்கு முயற்சி செய்யலாமா? வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. அம்மா கேட்பது ஒன்றுதான்: "இம்புட்டும் படிச்சிட்டு எங்கிட்டு போயி உக்காரப் போற?" எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது. அதைச் சொல்லாமல் என்னால் பதில் எழுத முடியாது.

என் தம்பி வள்ளத்தில் போனவன் திரும்பவில்லை. வள்ளம் கவிழ்ந்து கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா தினமும் பொழுது சாயும்போது ஒரு குடம் நல்ல தண்ணி எடுத்துக் கொல்லைவாசலில் வைப்பாள். கடலிலிருந்து வருகிறவன் மேலுக்கு ஊற்றி உப்பைக் கழுவ வேண்டுமே. எங்கள் பக்கம் நல்ல தண்ணி என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைய வேண்டும். கோடையில் குடிக்கவே காசு கொடுத்து வாங்குவோம். அப்போதும் அந்தக் குடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

நகரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். கவுன்சலர் சின்னப் பெண், நல்ல பெண். தாளைப் பார்த்துக் கேட்டாள்: பசி இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா. பிறகு, "இழப்பை நீங்க ஏத்துக்கணும்மா. முதல்ல அந்தக் குடம் வைக்கிறத நிறுத்துங்க" என்றாள். அம்மா அவளை நிமிர்ந்து பார்த்து, "பிரேதம் கரை ஒதுங்கலயே தாயி, எத நான் ஏத்துக்க?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுபடி தாளைப் பார்த்தாள். அடுத்த முறை வர அம்மா மறுத்துவிட்டாள்.

ரொம்ப நாள் அந்தப் பெண்மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. அன்று சாயங்காலம், "இப்படி ஒரு அம்மா வந்தாங்க, நான் இப்படிச் சொல்லிட்டேன், அவங்க இப்படிக் கேட்டாங்க" என்று போய்ச் சொல்ல அவளுக்கு மேலே ஒருவர் இருந்திருந்தால், அவர், "குடத்துத் தண்ணிய மறுநாள் காலைல என்ன செய்றாங்கன்னு கேட்டியா?" என்றிருப்பார். அம்மா அதைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றுவாள். தம்பி நட்ட முருங்கை. அதைக் கேட்டிருந்தால் அம்மா பேசத் தொடங்கியிருப்பாள்.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர் இருக்கிறார். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்து, 1970களில் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். செத்தானா இருக்கிறானா என்று தெரியாத வீட்டில் துக்கம் உறைந்து நின்றுவிடும், அது வீட்டாரின் மனக்கோளாறு இல்லை, நிலைமை அப்படி என்பது அவர் சொல்வது. துக்கத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி அவர்களை நெருக்கக் கூடாது என்பார். நம் கரைக்கென்றே எழுதியது போல இருக்கும். 7 வருடம் தகவல் இல்லாவிட்டால்தான் சட்டம் ஓர் ஆளை இறந்ததாகக் கொள்ளும். தம்பி மனைவி அத்தனை வருடமும் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. இலங்கைச் சிறையில் புருஷன் இருக்கிற பெண்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுகிற அதே இழுபறி அந்தத் துறைக்குள்ளேயே நடந்திருக்கிறது. 1949இல் அமெரிக்காவில் போல்டர் என்ற ஊரில் மாநாடு கூடியவர்கள், உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பட்டம் வாங்கியவர்களுக்கு ஆய்வு தெரிந்த அளவுக்கு நோயாளியிடம் பேசத் தெரியவில்லை என்ற குறை வந்தது. 1968இல் இல்லினாய் பல்கலைக்கழகம் முதல் சை.டி. படிப்பைத் தொடங்கியது, 1973இல் அங்கே வேல் (Vail) என்ற ஊரில் கூடிய மாநாடு அந்த வழியை ஒப்புக்கொண்டது. அதிலும் ஆய்வு உண்டு, அதை மனதில் வையுங்கள். ஆனால் ஆய்வுக் கேள்வி ஆளோடு உட்கார்ந்த அறையிலிருந்து கிளம்பும். இலங்கைச் சிறையிலிருந்து அப்பா திரும்பிய பிள்ளைகள் ஏன் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை என்று நீங்கள் பள்ளியில் யோசித்திருந்தால், நீங்கள் ஏற்கனவே தொடங்கிவிட்டீர்கள். ஆய்வைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிரிட்டனில் ஆலோசனை உளவியலுக்கென்றே தொழில்முறை முனைவர் பட்டம் இருக்கிறது. மேலே ஒருவர் கேட்டு வழிகாட்டும் மேற்பார்வையோடு 450 மணி நேரம் ஆட்களைப் பார்க்க வேண்டும். படிக்கிறவரும் ஒரு சிகிச்சையாளரிடம் போய்த் தன் மனதைத் திறந்து உட்கார வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. அமெரிக்காவில் கடைசியில் ஒரு முழு வருட இன்டர்ன்ஷிப் உண்டு. ஆனால் அங்கே பி.எச்டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும், சை.டி.க்குப் பெரும்பாலும் கைக்காசு அல்லது கடன். அப்பா வீட்டை வைக்கிறேன் என்கிறார். வேண்டாம் தங்கச்சி. புயலுக்கு ஓடி வந்து நுழைய நமக்கு இருக்கிற ஒரே கூரை அது. பணம் தரும் இடம் கிடைத்தால் போங்கள், வீட்டை வைத்துப் போகாதீர்கள்.

நம் நாட்டு நிலைமை கொஞ்சம் சிக்கல். ஆர்.சி.ஐ. எனப்படும் மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு மருத்துவ உளவியலாளர்களுக்கு. அதற்கான எம்.பில். படிப்பு 2025–26 சேர்க்கையோடு முடிகிறது என்று யு.ஜி.சி. அறிவித்திருந்தது. மற்ற உளவியலாளர்கள் 2021ஆம் வருட இணைச் சுகாதாரத் தொழில் சட்டத்துக்குள் வருகிறார்கள். எந்தப் படிப்பில் சேர்வதானாலும் அது எந்தப் பதிவேட்டில் உங்களைக் கொண்டு சேர்க்கும் என்று சேருமுன் எழுத்தில் வாங்குங்கள்.

கூடவே இதையும் கேளுங்கள்: வாரம் எத்தனை மணி நேரம் மேற்பார்வை, யார் செய்வார், என் உரையாடலின் பதிவை அவர் கேட்பாரா, தமிழில் நடந்தால் புரிந்துகொள்ளும் ஆள் இருக்கிறாரா. கடைசிக் கேள்வி சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் பெண்கள் மனச்சோர்வு என்று வந்து சொல்ல மாட்டார்கள். "நெஞ்ச அடைக்குது", "கை கால் வரல", "சோறு உள்ள எறங்கல" என்பார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்கும்போது பாதி தொலைந்துவிடும்.

ஏர்வாடி உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர்? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. அவர்களைக் கொண்டுவந்து விட்ட அம்மா அப்பாக்களில் பலர் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்ல ஆள் இல்லாமல் வந்தவர்கள். அதனால்தான் நீங்கள் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படுகிறேன்.

எங்கிட்டு உட்காரப் போகிறாய் என்று அம்மா கேட்டது சரியான கேள்வி. கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிற பெண்கள் பாறை கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள் இல்லையா? கரையேறி, ஊறிப்போன அந்தத் துணியை ஒவ்வொரு விரலாக அவிழ்க்கும்போதுதான் வீட்டுக் கதை வெளியே வரும். அந்த நேரம் அவர்கள் பக்கத்தில் மணலில் உட்காரப் போகிறேன் என்று சொல்லுங்கள். சம்பளம் அங்கே கிடைக்காது, அதற்குப் பள்ளியோ மருத்துவமனையோ வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மேற்பார்வை பற்றிக் கேட்டு எழுதி, வரும் பதில்களை எடுத்துக்கொண்டு மண்டபம் ஊருக்கு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை. அதனால் காற்று பலமாக இருந்து அப்பா தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அவரையும் கூட்டி வாருங்கள். வீட்டுப் பத்திரம் பற்றி அவரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா