டேங்க் ஆபரேட்டர் மகனுக்கு ஏன் பூஜ்யம்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். செயல்திட்ட முறையில் நடத்த ஆசைப்பட்டு, உள்ளாட்சி அமைப்புகள் பற்றி ப்ராஜெக்ட் கொடுத்தேன். எல்லாரும் கடையில் விற்கும் படங்களைச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு மாணவன் அதையும் செய்யவில்லை, பூஜ்யம் போட்டேன். அவன் அப்பா ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். காலையில் வால்வு திறக்க இவனையும் கூட்டிப்போய்விடுகிறார். படிப்பில் அக்கறையில்லாத குடும்பம். தலைமையாசிரியரோ போர்ஷனை முடியுங்கள் என்கிறார். இந்த முறை நம் பள்ளிகளுக்கு ஒத்துவராதா?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முறை ஒத்துவருமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் பூஜ்யத்துக்குப் பதில் சொல்லுங்கள் டீச்சர்.

நீங்கள் கொடுத்த தலைப்பு உள்ளாட்சி. ஊருக்குக் குடிநீர் விடுவது ஊராட்சியின் தலையாய வேலைகளில் ஒன்று. உங்கள் வகுப்பில் அந்த வேலையைத் தினமும் கையால் செய்கிறவன் அவன் ஒருவன்தான். எந்த வால்வைத் திருப்பினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், மோட்டார் ரிப்பேரானால் யாரிடம் ஓடவேண்டும், மேட்டுத் தெருக்காரர்கள் எதற்குச் சண்டைக்கு வருகிறார்கள் என்று அவனைக் கேட்டீர்களா? கடைப் படத்தை ஒட்டியவர்களுக்கு மார்க், அவனுக்குப் பூஜ்யம். இது அநியாயம்.

'அக்கறையில்லாத குடும்பம்' என்று எழுத எப்படி மனசு வந்தது? அந்த வீட்டு வாசலை ஒருமுறையாவது மிதித்திருக்கிறீர்களா? ஊர் எழும்முன் எழுந்து ஊருக்குத் தண்ணீர் விடுகிற மனிதர் அவர். அப்பாவுக்குக் கைகொடுக்கும் பிள்ளையைக் குறை சொல்ல நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன். அதற்காக முதல் பீரியடைத் தவறவிடலாம் என்று சொல்லவில்லை. தவறுகிறதென்றால் அதை அவரிடம் நேரில் போய்ப் பேசுவது உங்கள் கடமை.

சரி, முறைக்கு வருவோம். நீங்கள் தலைப்பைக் கொடுத்தீர்கள், கேள்வியைக் கொடுக்கவில்லை. 'உள்ளாட்சி அமைப்புகள்' என்றால் கடையில் படம் கிடைக்கும். 'நம் ஊரில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருகிறது, ஏன்?' என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு குழு தெருக்குழாய்களைக் குறித்து ஊர் வரைபடம் போடட்டும். இன்னொரு குழு ஒரு வாரத்துக்கு, தண்ணீர் வரும் நேரத்தையும் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் எழுதட்டும். மற்றொன்று ஊராட்சிச் செயலரிடம் போய்ச் செலவுக் கணக்கைக் கேட்கட்டும். இந்தக் கணக்கோடு அவர்கள் வந்து நிற்கும்போது ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தத்தையும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் நடத்துங்கள். ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளைப் பட்டியலிடும், அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணையின் 29 இனங்களில் குடிநீரும் ஒன்று என்று அப்போது சொன்னால் மனசில் நிற்கும். சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஓலைச் சீட்டுகளைக் குடத்திலிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலையோடு, ஏரியைக் கவனித்த ஏரி வாரியம் என்ற குழுவும் இருப்பதைக் காட்டுங்கள். போர்ஷனும் இதிலேயே நகரும். மார்க்கைச் சார்ட்டுக்குப் போடாதீர்கள். குறிப்பு நோட்டைப் பார்த்து, ஆளுக்கு நாலு கேள்வி கேட்டுப் போடுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். தண்ணீர் கடைசியாகப் போகும் தெரு எது என்று வெளியே வந்தால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் முதலில் பாய்வது வால்வு திறப்பவர் மேல்தான். சொற்பச் சம்பளக்காரர், பரிந்து பேச ஆள் இருக்காது. பைப் எவ்வளவு பழசு, தெரு எவ்வளவு மேடு, தண்ணீர் விடும் வரிசையை யார் முடிவு செய்கிறார் என்றுதான் பிள்ளைகள் தேடவேண்டும். பழி போட ஆள் தேடக்கூடாது. அந்தப் பையனை அப்பாவுக்கு எதிரான சாட்சியாக ஒருபோதும் நிறுத்திவிடாதீர்கள்.

அதனால் வகுப்பில் அறிவிக்கும்முன் அந்த அப்பாவைப் போய்ப் பாருங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, அவர் சம்மதம் கேளுங்கள். அவர் சரியென்றால், வரைபடத்தை அடுத்த கிராம சபையில் வைக்கலாம், தலைமையாசிரியரையும் கூட்டிப்போங்கள். அவர் தயங்கினால் தண்ணீரை விட்டுவிட்டுத் தெருவிளக்கை எடுங்கள். எப்படியானாலும் இந்த வாரமே அவனை உட்காரவைத்து, ஊர்த் தண்ணீர் எப்படி வருகிறது என்று அவன் வாயால் சொல்லக் கேட்டு, அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு உரிய மார்க்கைப் போடுங்கள்.