பிஸ்தா பச்சை எப்படி ஆஸ்பத்திரிப் பச்சை ஆனது?

கேள்வி: திண்டுக்கல்லில் வடக்குப் பார்த்த மனையில் வீடு கட்டுகிறோம். முன்தோற்றத்துக்கு ‘ரெண்டரிங் சார்ஜ்’ என்று 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இன்ஜினியர் ஒரு 3டி படம் கொடுத்தார். அதில் சுவர் அழகான பிஸ்தா பச்சை. படத்தைப் பிரிண்ட் எடுத்துப் பெயிண்ட் கடையில் காட்டி, அதே நிறத்தை வாங்கி முன்சுவருக்கு மட்டும் அடித்தோம். ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கிறது. கேட்டால், ‘ரெண்டரிங்னா முன்னப்பின்னதான் இருக்கும்’ என்கிறார். மற்ற மூன்று பக்கத்துக்கு எஸ்டிமேட்டில் ‘வெளிப்புற ரெண்டரிங் 1,40,000’ என்று இன்னொரு வரி. லைட் கடைக்காரரோ, ‘கலர் ரெண்டரிங் நல்லா இருக்கிற லைட்டைப் போடுங்க, சரியாயிடும்’ என்கிறார். ஒரே ரெண்டரிங்குக்கு எத்தனை தடவை பணம் கட்டுவது?

பதில்: முதலில் அந்த 1,40,000. அது படத்துக்கான காசு இல்லை. சுவரில் சிமென்ட் கலவை பூசுவதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் பூச்சு வேலை என்கிறோம். எஸ்டிமேட் போடுபவருக்கு மட்டும் இப்படி எழுதினால்தான் கை ஓடும். ஆகவே இரண்டு தடவை வாங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் எஸ்டிமேட்டை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படியுங்கள். இதே மூன்று பக்கத்துக்கு ‘பிளாஸ்டரிங்’ என்று தனியாக ஒரு வரி இருந்தால், ஒரே சுவருக்கு இரண்டு பெயரில் பில் போடுகிறார்கள். இதை நான் நிறையவே பார்த்துவிட்டேன். எத்தனை சதுர அடி, எத்தனை மில்லிமீட்டர் கனம், சிமென்டுக்கு எவ்வளவு மணல் என்று எழுதி வாங்குங்கள். வெளிச்சுவருக்கு 20 மி.மீ., உள்சுவருக்கு 12 மி.மீ. என்பது வழக்கமான கணக்கு. மொத்தமாக ஒரு தொகையை மட்டும் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, பச்சைக்கு வருவோம்.

ஓவியம் படித்தவர்களுக்கு ரெண்டரிங் என்றால், வெறும் கோட்டுப் படத்துக்கு ஒளியும் நிழலும் கொடுத்து உருவம் திரண்டு நிற்கும்படி செய்வது. நான் படித்த காலத்தில் வாட்டர் கலரில் செய்தோம். ஒரு முன்தோற்றத்துக்கு இரண்டு நாள் ஆகும், தூரிகையில் தண்ணீர் கூடிவிட்டால் மூன்றாவது நாளும் சேரும். இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. கல்யாண வீடியோக்காரர் ‘ரெண்டர் ஆகிட்டிருக்கு, நாளைக்கு வாங்க’ என்பதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். எதில் செய்தாலும் வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பது வரைபவர் கையில் இருக்கிறது.

உங்கள் படத்தை எடுத்து, சன்ஷேடின் நிழல் சுவரில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். சாய்வாக, கத்தரித்தது போல விழுந்து, சுவர் முழுக்கப் பொன் வெயில் அடிக்கிறதா? அங்கேதான் கோளாறு. உங்களுடையது வடக்குச் சுவர். ஐப்பசி முதல் மாசி வரை அதில் நேர் வெயில் படவே படாது. திண்டுக்கல்லில் நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்வது ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான். அப்போதும் தலைக்கு மேலே நின்று சுவரை உரசிக்கொண்டு போகும். மற்றபடி அந்தச் சுவருக்குக் கிடைப்பது நிழல் வெளிச்சம், அதாவது வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம். மஞ்சள் வெயிலில் பிஸ்தாவாகத் தெரிந்த பச்சை, நீல நிழலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருளில் ஊர், திசை, தேதி, நேரம் நான்கையும் கொடுத்தால் சூரியன் சரியான இடத்தில் வந்து நிற்கும். சில நிமிட வேலை. செய்ய மாட்டார்கள், ஏனென்றால் நிழலில் இருக்கும் வீட்டுப் படத்துக்கு யார் 18,000 கொடுப்பார்கள்?

போதாக்குறைக்கு நீங்கள் பிரிண்டை வைத்து நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். திரையில் தெரியும் சில பச்சைகளை மையால் கொண்டுவரவே முடியாது. பிரிண்டர் தன்னால் முடிந்த பச்சைக்கு அதை இழுத்துவிடும். எப்படி இழுப்பது என்பதற்கு நான்கு முறைகள் உண்டு, அவற்றுக்கும் ரெண்டரிங் இன்டென்ட் என்றுதான் பெயர். ஜெராக்ஸ் கடையில் யாரும் அதைக் கேட்டுப் போடப்போவதில்லை. ஒரு லென்ஸ் முகத்தையும் மங்கலான பின்னணியையும் காட்டும் விதத்துக்குப் போட்டோக்காரர்களும் இதே சொல்லை வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்கு வேண்டாம்.

லைட் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஒரு விளக்கின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதற்கு 100 வரை போகும் அளவு ஒன்று உண்டு, சிஆர்ஐ என்பார்கள். சாதாரண எல்இடி பெரும்பாலும் 80. இந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரிதான். ஆழ்ந்த சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால்தான் 80 போட்ட லைட்டின் கீழ் அரக்குப் பட்டுச்சேலை சில சமயம் சோகையாகத் தெரிகிறது. 90-க்கு மேல் உள்ள லைட்டை அலமாரிக் கண்ணாடிக்கும் அடுப்பங்கரைக்கும் வாங்குங்கள், காசு வீணில்லை. வெளிச்சுவருக்கு வேண்டாம். பகலில் உங்கள் பச்சையை எந்த பல்பும் காப்பாற்றாது. இரவுக்கு 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை லைட்டை மாற்றி, 3000 கெல்வின் என்று போட்ட மஞ்சள் லைட்டைப் போட்டாலே போதும்.

அடுத்து உங்களுக்கு உள் அலங்காரப் படம் வரும், அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 10 அடி அறையை மண்டபம் மாதிரி காட்டுவார்கள். கம்ப்யூட்டரில் ஒரு சுவரை மறைத்துவிட்டு, கேமராவை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். கட்டிலைப் பாருங்கள். 6 அடி அகலக் கட்டிலை 10 அடி அறையின் நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 2 அடிதான் மிஞ்சும், பீரோ கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமிருக்காது. படத்தில் தாராளமாக இடம் தெரிந்தால் கட்டிலைச் சுருக்கியிருக்கிறார்கள். இந்தப் படங்களைப் பெரும்பாலும் இன்ஜினியர் வரைவதில்லை. வெளியே யாரிடமாவது சில ஆயிரத்துக்கு வாங்கி நம் தலையில் கட்டுகிறார்கள்.

18,000 திரும்ப வருமா? வராது. ஒப்பந்தத்தில் சேர்க்காத படம் வெறும் படம்தான். ஒரே ஒரு விதிவிலக்கு, அது உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ‘ரெரா இருக்கே’ என்கிறார்கள். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு ரெரா இல்லை. பில்டரிடம் ஃபிளாட் வாங்கினால் உண்டு. அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்து, அது பொய்யாகி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். வேண்டாமென்று விலகினால் போட்ட பணத்தை வட்டியோடு கேட்கலாம். அதனால் ஃபிளாட் வாங்குபவர்கள் பிரௌஷரைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டு ஃபிளாட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் பில்டர் அதை ரெராவில் பதிவு செய்யவே தேவையில்லை. நம் தெருக்களில் முளைப்பதெல்லாம் எட்டு ஃபிளாட்தான்! அப்படியே ஜெயித்தாலும், உத்தரவு வாங்குவது ஒரு அலைச்சல், பணத்தை வசூலிப்பது இன்னொரு அலைச்சல். வறுகடலை பாக்கெட்டில் எடையை அச்சடிக்கச் சொல்லும் நாட்டில், லட்சங்களில் விற்கும் வீட்டுப் படத்தில் திசையையும் தேதியையும் போடச் சொல்ல ஒரு விதி இல்லை. ‘ஓவியரின் கற்பனை’ என்று மூலையில் எறும்பு எழுத்தில் போட்டால் போதுமாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பட்டியும் பிரைமரும் ஏற்கெனவே இருப்பதால் முன்சுவருக்கு மேல்கோட் மாற்றினால் போதும். மஞ்சள் கூடின மூன்று பச்சைகளைச் சின்ன டப்பாவில் வாங்கி, சுவரிலேயே 3 அடிக்கு 3 அடி, இரண்டு கோட் அடியுங்கள். காலை எட்டு மணிக்கும், மதியமும், சாயங்காலமும் வாசலுக்கு எதிரே தெருவில் நின்று பாருங்கள். மற்ற மூன்று பக்கத்துக்கும் பெயிண்ட் வாங்க இப்போதே ஓடாதீர்கள். பூச்சு நன்றாகக் காயட்டும், அப்புறம் அங்கேயும் இதே மாதிரி அடித்துப் பாருங்கள். வடக்குச் சுவருக்குப் பிடித்துப்போன டப்பா, தெற்குச் சுவரில் வேறு பச்சையாகத்தான் தெரியும்.