சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மரபணுவைச் சுமப்பவருக்கு உடல்நலப் பாதிப்பு வருமா?

பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

இந்த மரபணுவின் பெயர் சிஎஃப்டிஆர். 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1989-இல் கண்டுபிடித்தார்கள். செல்களில் உப்பு போய்வரும் வாசலை உருவாக்குவது இதன் வேலை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இதற்கு இரண்டு பிரதிகள். இரண்டுமே பழுதானால்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வரும்: சளி பசைபோல இறுகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும், குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். ஒரு பிரதி மட்டும் பழுதானவரே சுமப்பவர். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 25 பேருக்கு ஒருவர் இப்படி. பலருக்கு அது தெரியவே தெரியாது.

வீட்டில் இரண்டு குழாய் இருக்கிறது, ஒன்று அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையல், குளியல் எல்லாம் மற்றதை வைத்தே நடந்துவிடும். வீடு நிறைய விருந்தாளிகள் வந்தால்தான் பற்றாக்குறை தெரியும். உடம்பும் அப்படித்தான். பெரிய எண்ணிக்கையில் ஆராய்ந்தபோது கணைய அழற்சி, நாள்பட்ட சைனஸ் தொல்லை, மூச்சுக்குழாய் விரிவு, ஆண்களில் குழந்தையின்மை ஆகியவை சுமப்பவர்களிடம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. தனி ஒருவருக்கு அந்த ஆபத்து குறைவுதான். ஆனாலும் இந்தத் தொல்லைகளில் ஏதாவது திரும்பத் திரும்ப வந்தால், சுமப்பவர் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், துணைவரும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

சுமப்பவர் என்றால் நோயின் ஆரம்பக் கட்டம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, வயது ஏற ஏற அது முற்றி சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாக மாறாது.